ஒரு கட்டத்தில் ஆறு மரம்

பகலெல்லாம் நான் தேடுவது மோதல்களை. சென்னையில் ஒரு வடிவமைப்பு அலுவலகத்தில் பிம் கோஆர்டினேட்டர் வேலை. ஆஸ்பத்திரியோ மாலோ, தரையில் ஒரு செங்கல் வைப்பதற்கு முன்னால் அதைக் கம்ப்யூட்டரில் முழுசாகக் கட்டிவிடுவோம். ஆர்க்கிடெக்ட் சுவர் அனுப்புவார், ஸ்ட்ரக்சுரல் ஆள் தூணும் பீமும் அனுப்புவார், ஏசிக்காரர்கள் டக்ட், தீயணைப்புக்காரர்கள் ஸ்பிரிங்க்ளர் குழாய். ஒவ்வொருவரும் தன் பொருளைத் தவிர உலகத்தில் வேறெதுவும் கிடையாது என்ற நிம்மதியில் வரைந்திருப்பார்கள். எல்லாவற்றையும் நேவிஸ்வர்க்ஸ் மென்பொருளில் ஒன்றாகப் போட்டு ஓடவிட்டால் பட்டியல் கொட்டும். கிளாஷ் 1, கிளாஷ் 2, கிளாஷ் 3 என்று ஒரு தளத்துக்குச் சில நூறு. ஒன்றைத் தொட்டால், முட்டிக்கொண்ட இரண்டில் ஒன்று சிவப்பாகவும் மற்றது பச்சையாகவும் எரியும். முட்டாமலே வரும் தகராறும் உண்டு. குழாயும் சுவரும் தொட்டிருக்காது, ஆனால் வால்வைத் திருகக் கை நுழையாது. அதற்குப் பெயர் கிளியரன்ஸ் கிளாஷ்.

ராத்திரி வீட்டுக்கு வந்ததும் நேர் எதிர் வேலை. ரோலர்கோஸ்டர் டைகூன் 2 ஆட்டத்தைத் திறந்து, வேண்டுமென்றே பொருட்களை ஒன்றுக்குள் ஒன்று செருகிக்கொண்டிருப்பேன். நாற்பதை நெருங்கும் பெண் கேளிக்கைப் பூங்கா கட்டி விளையாடுகிறாள் என்று அம்மா உறவுக்காரர்களிடம் சொல்வதில்லை. லேப்டாப் முன்னால் உட்கார்ந்திருக்கிறேனா, ஆபீஸ் வேலைதான் என்று முடித்துவிடுவாள்.

இந்த ஆட்டம் கிறிஸ் சாயர் என்ற ஸ்காட்லாந்துக்காரருடையது. 1999ல் முதலாவது, 2002ல் இரண்டாவது. முதல் ஆட்டத்தின் நிரலில் 99 சதவீதத்தை அவர் அசெம்பிளி மொழியிலேயே எழுதினார். மண்வெட்டியைத் தொடாமல் கையாலேயே கிணறு தோண்டியதுபோல. பாலிடெக்னிக் விடுதியில் பர்மா பஜார் சிடி ஒன்று அறை அறையாகச் சுற்றி வந்தபோது எனக்கு அறிமுகம். மற்ற பெண்கள் ரயிலை எவ்வளவு வேகமாகக் கவிழ்க்கலாம் என்று பார்த்தார்கள். நான் மரம் நட்டுக்கொண்டிருந்தேன்.

பூங்கா நிலம் சதுரக் கட்டங்களால் ஆனது. ஒவ்வொரு கட்டத்துக்கும் ஆட்டம் ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. தரை, அதன்மேல் நடைபாதை, தண்டவாளம், மரம், சுவர் என்று. ஒவ்வொரு பொருளுக்கும் இரண்டு எண்: எந்த உயரத்தில் தொடங்குகிறது, எந்த உயரம்வரை இடம் பிடிக்கிறது. புதிதாக ஒன்றை வைக்கப் போனால் ஆட்டம் இந்தப் பட்டியலை ஓட்டிப் பார்க்கும். இடம் இல்லையென்றால் இங்கே வைக்க முடியாது, குறுக்கே இன்னது இருக்கிறது என்று ஒரு பெட்டி எழும்பும். சத்தத்தோடு.

டிரெய்னர் என்பது ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன் நினைவகத்துக்குள் கையை விட்டு எண்ணை மாற்றும் குட்டி நிரல். பெரும்பாலான ஆட்டங்களில் பணத்தைக் கூட்டிக்கொள்ள, சாகாமல் இருக்க. இந்த ஆட்டத்துக்கு எயிட்கார்ஸ் என்று ஒன்று இருந்தது. அதில் பூங்கா கட்டுகிறவர்கள் தேடிப் போனது 'ஜீரோ கிளியரன்ஸ்' என்ற வசதிக்காக. அதை அமுக்கிவிட்டால் குறுக்கே எது இருந்தாலும் ஆட்டம் வாயைத் திறக்காது. பாறைக்குள் தண்டவாளம் போகும். கூரைக்குள் கோபுரம் இறங்கும். கல்தூண், வேலித்துண்டு, புதர் மூன்றையும் ஒரே கட்டத்தில் செருகினால் ஆட்டத்தின் தொகுப்பிலேயே இல்லாத ஒரு மண்டபம் கிடைக்கும். தேர்ந்த கைக்காரர்களின் பூங்காக்கள் முழுக்க இப்படிச் செருகியவைதான். பிறகு ஆர்வலர்கள் சேர்ந்து ஆட்டத்தை ஓப்பன்ஆர்சிடி2 என்று மறுபடி எழுத ஆரம்பித்தார்கள், 2014ல். அதில் இந்த வசதி ஆட்டத்தின் சொந்த மெனுவிலேயே இருக்கிறது. திருட்டுச் சாவி வீட்டுச் சாவியாகிவிட்டது.

முதல் தடவை அதை அமுக்கி ஒரு மரத்துக்குள் சுவரை வைத்தபோது எனக்கு உறைத்தது இதுதான்: மரம் எதிர்ப்பே காட்டவில்லை. இத்தனை வருஷமாக மரம்தான் சுவரைத் தடுக்கிறது என்று நினைத்திருந்தேன். மரத்துக்கு அங்கே உடம்பே கிடையாது. வாசலில் ஒரு காவலாளி பட்டியலைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறான். அவனை வீட்டுக்கு அனுப்பியதும் மரமும் சுவரும் ஒன்றை ஒன்று கவனிக்கவே இல்லை.

தடுமாறுவது கண்தான். இது தட்டைப் படங்களை முன்னும் பின்னுமாக அடுக்கிக் காட்டும் ஆட்டம். இரண்டு பொருள் ஒரே இடத்தில் இருந்தால் எது முன்னால், எது பின்னால் என்பதற்குச் சரியான விடை இல்லை. ஒரு கோணத்தில் தூண் சுவருக்கு முன்னால் நிற்கும். திருப்பினால் பின்னால் போய்விடும். ஓப்பன்ஆர்சிடி2ல் கட்ட ஆய்வுக் கருவி என்று ஒரு ஜன்னல் உண்டு. அந்தக் கட்டத்தின் பட்டியலை அப்படியே திறந்து காட்டும். ஒரு வரியை மேலே நகர்த்து, கீழே நகர்த்து என்று பார்த்துப் பார்த்துத் தடுமாற்றத்தைச் சரிசெய்வோம். பொருள் நின்ற இடத்திலேயே நிற்கும், பட்டியலில் மட்டும் அதன் வரிசை மாறும்.

ஒரு நாள் கை நடுங்கியதில் ஒரே இடத்தில் ஆறு தடவை கிளிக் ஆகிவிட்டது. திரையில் ஒரே ஒரு மரம். அழிக்கும் கருவியால் தொட்டேன், மரம் போகவில்லை. கணினி தொங்கிவிட்டதோ என்று மறுபடி தொட்டேன். மறுபடியும் மரம். அப்புறம்தான் கட்ட ஆய்வைத் திறந்தேன். அதே பெயர், அதே அடி உயரம், அதே முடி உயரம், நான்கு வரி மிச்சம். இரண்டை நான் ஏற்கெனவே அழித்திருக்கிறேன். எந்த இரண்டை? இந்தக் கேள்விக்கு ஏதாவது அர்த்தம் இருக்கிறதா என்று யோசித்தபடி லேப்டாப்பை மூடினேன். தாத்தா நினைவு வந்தது.

நாங்கள் வந்தவாசிப் பக்கத்துத் தமிழ்ச் சமணர்கள். வெளியூரில் சொன்னால், ராஜஸ்தானா என்று கேட்பார்கள். பொழுது சாய்வதற்குள் சாப்பிடும் வீடு (சென்னை வேலையில் எனக்கு அது போய்விட்டது). பொன்னூர் மலையில் சமண ஆசாரியர் குந்தகுந்தரின் பாதம் பார்க்கச் சின்ன வயதில் வருஷம் தவறாமல் கூட்டிப்போவார்கள். தாத்தா பள்ளிக்கூட வாத்தியார். ஓய்வுபெற்ற பிறகு எங்கள் சமய நூலான தத்துவார்த்த சூத்திரத்தையும் அதற்குப் பூஜ்யபாதர் எழுதிய சர்வார்த்தசித்தி உரையையும் வைத்துக்கொண்டு, கேட்க ஆள் கிடைத்தால் விடமாட்டார். லீவுக்குப் போகிற நான்தான் ஆள்.

தீபாவளி எங்களுக்கு மகாவீரர் நிர்வாணம் அடைந்த நாள். இருட்டோடு எழுந்து விளக்கேற்றுவோம். அப்படி ஒரு விடியலில், பாத்திரம் வைக்கும் சின்ன அறைக்குள் என்னை நிறுத்தி ஓர் அகலை ஏற்றினார் தாத்தா. அறை முழுக்க வெளிச்சம் நிரம்பிடுச்சா என்றார். நிரம்பிடுச்சு என்றேன். இரண்டாவதை ஏற்றினார். மூன்றாவதை.

"ஏம்மா, ரூம்புதான் ஏற்கெனவே நெறஞ்சுபோச்சே. மொதல் வெளக்கு வெளிச்சம் இதுக்கு எடம் உட்டு எந்தப் பக்கம் ஒதுங்கிச்சு?"

நான் மூலையைப் பார்த்தேன். நிஜமாகவே தேடினேன். தாத்தா சிரித்தார்.

அந்த உவமை அவருடையது இல்லை, சர்வார்த்தசித்தியில் இருப்பது என்று வெகுநாள் கழித்துத் தெரிந்துகொண்டேன். சூத்திரத்தின் ஐந்தாம் அத்தியாயம் ஆகாயத்தைப் பற்றிப் பேசுகிறது. பிரிக்க முடியாத ஓர் அணு பிடிக்கும் இடத்துக்குப் பிரதேசம் என்று பெயர். அணுக்கள் நுட்பமாக மாறுமானால் அந்த ஒரே பிரதேசத்தில் எத்தனை வேண்டுமானாலும் இருக்கலாம் என்கிறது சமணம். ஆகாயத்தின் வேலையே இடம் கொடுப்பது. இல்லை என்று சொல்ல அதற்குத் தெரியாது. இதைக் கேட்டால் வைசேஷிக தத்துவக்காரர் அடிக்க வருவார். உருவமுள்ள இரண்டு பொருள் ஒரே இடத்தில் இருக்க முடியாது என்பது அவர் கட்சி. என் பகல் வேலைக்கு வைசேஷிகர்தான் சம்பளம் கொடுக்கிறார் என்று வைத்துக்கொள்ளலாம்.

இவர்கள் நடுவில் பௌத்தரான வசுபந்து வந்து அணுக்கொள்கையையே கேலி செய்கிறார். ஓர் அணுவை ஆறு பக்கமும் ஆறு அணு தொட்டால், அதற்கு ஆறு பக்கம் இருக்கிறது என்று ஆகிறது. பக்கம் இருந்தால் அது பிரிக்க முடியாதது எப்படி? இல்லை, ஆறும் ஒரே இடத்தில்தான் இருக்கின்றன என்றால் மொத்த உருண்டையும் ஓர் அணு அளவாகத்தானே இருக்கும்? மலையும் ஓர் அணு, மடுவும் ஓர் அணு. அவருடைய விம்சதிகா நூலில் வரும் இந்த வாதத்தைப் படித்த அன்று எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என் ஆறு மரம்தான் இது. ஒரே இடத்தில் ஆறு நட்டேன், தோப்பு வரவில்லை, ஒரு மரம்தான் வந்தது. அந்த மனிதர் 1,600 வருஷத்துக்கு முந்தியே கிளியரன்ஸை அணைத்துப் பார்த்திருக்கிறார்.

ஆனால் வசுபந்துவின் கேலி அளவைப் பற்றியது. என்னை உறுத்தியது வேறு. ஒரே மாதிரியான ஆறு, ஒரே இடத்தில். அவை ஆறு என்று எதை வைத்துச் சொல்வது? பட்டியலில் ஆறு வரி இருக்கிறது, அவ்வளவுதான்.

சமணத்துக்கு இந்தச் சிக்கல் அணுவோடு நிற்பதில்லை, மோட்சம்வரை போகிறது. கர்மம் முழுக்கக் கழிந்த உயிர் உலகத்தின் உச்சிக்குப் போய் நின்றுவிடும் என்பது எங்கள் நம்பிக்கை. அவர்கள் சித்த பரமேஷ்டிகள். (பதினெண் சித்தர்கள் வேறு. ஆபீஸில் ஒவ்வொரு தடவையும் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.) அந்த உச்சியில் ஒரு சித்தர் இருக்கும் அதே இடத்தில் எண்ணிலடங்காத சித்தர்கள் இருக்கிறார்கள். ஒருவரை ஒருவர் நெருக்குவதில்லை. ஒருவரில் ஒருவர் கரைந்துபோவதும் இல்லை. அவர்களுக்குச் சொல்லப்படும் எட்டுக் குணங்களில் ஒன்று அவகாகனம், அதாவது தன்னிடத்திலேயே மற்றவருக்கும் இடம் தருவது. ஒருவரால் ஒருவருக்கு இடைஞ்சல் இல்லாமை இன்னொரு குணம். ஜீரோ கிளியரன்ஸை ஒரு குணமாக, அதுவும் முக்தி அடைந்தவரின் குணமாக எண்ணிய மரபு இது.

எனக்குப் பன்னிரண்டு வயது இருக்கும்போது தாத்தாவிடம் கேட்டேன். எல்லாருக்கும் அதே முழு அறிவு, அதே ஆனந்தம், அதே இடம். அப்படியென்றால் எல்லாரும் ஒரே ஆள் என்று சொல்லிவிட்டுப் போகலாமே? அத்வைதிகள் அப்படித்தானே சொல்கிறார்கள்? தாத்தாவுக்குக் கோபம் வந்ததாக ஞாபகம். "ஒண்ணா இருக்கறது வேற, ஒண்ணாயிடறது வேற" என்று மட்டும் சொல்லிவிட்டுப் புத்தகத்தை மூடினார். பதில் மாதிரித்தான் இருந்தது. இருந்தாலும் பதில் இல்லை.

இங்கே ஆபீஸ் கதை ஒன்று சொல்ல வேண்டும். கிளாஷ் பட்டியலில் ஒவ்வொரு வரிக்கும் ஒரு நிலை உண்டு: புதியது, ரிவ்யூ ஆனது, அப்ரூவ்ட், ரிசால்வ்ட் என்று. ரிசால்வ்ட் என்றால் குழாயை நகர்த்தியாகிவிட்டது. அப்ரூவ்ட் என்றால் மோதல் இருக்கிறது, இருந்துவிட்டுப் போகட்டும் என்று ஒருவர் ஒப்புக்கொண்டிருக்கிறார். சில வருஷத்துக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், ஒரு கட்டடத்தின் அறிக்கை போக வேண்டும், நூற்றுச் சொச்சம் மோதல் பாக்கி. மேலே இருந்தவர் நாற்காலியைச் சுழற்றித் திரும்பி, "சைட்ல பாத்துப்பாங்கம்மா, எல்லாத்தையும் அப்ரூவ்ட் போட்டு அனுப்பு" என்றார். போட்டேன். மொத்தமாகத் தேர்ந்தெடுத்து ஒரே கிளிக். சிவப்பும் பச்சையும் அடங்கின. அறிக்கை வெள்ளையாக, அழகாக இருந்தது. நான் அன்று செய்தது டிரெய்னர் வேலைதான், வேறென்ன? காவலாளியை வீட்டுக்கு அனுப்பினேன்.

ஐந்து மாதம் கழித்து சைட்டிலிருந்து ஒரு போட்டோ வந்தது. 150 மில்லிமீட்டர் குளிர்நீர்க் குழாய் நேராக வந்து பீமின் முகத்தில் நின்றிருந்தது. பக்கத்தில் ஹெல்மெட் போட்ட ஒருவர் இரண்டு கையையும் விரித்தபடி. கோர் அடித்துத் துளைத்துக் கொண்டுபோகலாமா என்று கேட்டார்கள். தூணை ஒட்டின பக்கம், கம்பி நெருக்கமாக இருக்கும் இடம், தொடவே கூடாது என்றார் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர். கடைசியில் குழாய் பீமுக்கு அடியில் குனிந்து போயிற்று. அந்தத் தாழ்வாரத்தின் பொய்க்கூரை 200 மில்லிமீட்டர் கீழே இறங்கியது. யாருக்கும் அடிபடவில்லை, கூடுதல் செலவை யார் தலையிலோ கட்டினார்கள், விஷயம் மறந்துபோனது. ஃபைலில் மட்டும் அந்த வரி இருக்கிறது. அப்ரூவ்ட். செய்தவர் என்ற இடத்தில் என் பெயர், தேதி, மணி.

கான்கிரீட் ஏன் மறுத்தது? ரொம்ப நாள் நான் நினைத்தது, அது கெட்டியாக இருப்பதால் என்று. கெட்டியாக இருப்பது என்றால் என்ன என்று கேட்டால் இயற்பியல்காரர்கள் வேறு கதை சொல்கிறார்கள். 1925ல் பவுலி கண்டது ஒரு விதி: இரண்டு எலக்ட்ரான்கள் ஒரே நிலையில் இருக்கக் கூடாது. பொருள் தனக்குள்ளேயே சரிந்து சுருங்கிவிடாமல் நிற்பதற்கு அந்த விதி தேவை என்பதை 1967ல் டைசனும் லெனார்டும் கணக்குப் போட்டே நிரூபித்தார்கள். ஆக, பீமும் குழாயும் ஒன்றுக்கொன்று முகம் திருப்புவதற்குப் பின்னாலும் ஒரு விதி இருக்கிறது. ஆட்டத்தில் காவலாளி வாசலில் நிற்கிறான், சாவி கொடுத்தால் போய்விடுவான். இங்கே அவன் ஒவ்வோர் எலக்ட்ரானுக்குள்ளும் குடியிருக்கிறான் போல. கலைத்துவிட டிரெய்னர் கிடையாது. வெளிச்சத்துக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை. அதன் கணக்கை 1924ல் போட்டவர் சத்யேந்திரநாத் போஸ். வெளிச்சத் துகள்கள் ஒரே நிலையில் எத்தனை வேண்டுமானாலும் குவியும். தாத்தாவின் பாத்திர அறையிலும் வெளிச்சத்தை வெளிச்சம் தடுக்கவில்லை. உடனே, பூஜ்யபாதருக்கு அப்போதே குவாண்டம் தெரியும் என்று என் பெரியப்பா மகன் குடும்ப வாட்ஸப் குழுவில் எழுதுவான். தெரியாது. அவர் விளக்கைப் பார்த்தார், நன்றாகப் பார்த்தார். அதற்கே அவரைக் கும்பிடலாம்.

விளக்கு உவமைக்குள் ஒரு பொத்தல் இருப்பதையும் சொல்லிவிட வேண்டும். மூன்று அகல் வெளிச்சம் ஓர் அறையில் இருக்கிறது சரி. அதில் முதல் அகலின் வெளிச்சம் எது? காட்ட முடியாது. ஓர் அகலை அணைத்தால் அறை கொஞ்சம் மங்கும், அதை வைத்துத்தான் அது இருந்தது என்று தெரியும். அணையாத விளக்குகளின் கதை என்ன?

போன மழைக்காலத்தில் ஊர் வீட்டைக் காலி செய்தபோது தாத்தாவின் தத்துவார்த்த சூத்திரம் என் பங்குக்கு வந்தது. அட்டை இல்லை, கடைசிப் பக்கங்களின் விளிம்பைக் கரையான் அரித்திருந்தது. என் பன்னிரண்டு வயதில் அவர் மூடிய புத்தகத்தின் கடைசி அத்தியாயத்தின் கடைசிச் சூத்திரத்துக்கு நானாக வந்து சேர முப்பது வருஷத்துக்குக் கொஞ்சம் குறைவாக ஆகியிருக்கிறது. சித்தர்களை எவற்றைக் கொண்டு வேறுபடுத்தி அறிவது என்று அந்தச் சூத்திரம் அடுக்குகிறது. எந்த நிலத்திலிருந்து போனார், எந்தக் காலத்தில், தானாக உணர்ந்தாரா, பிறர் சொல்லி உணர்ந்தாரா, கடைசி உடம்பு எவ்வளவு உயரம், ஒருவருக்கும் அடுத்தவருக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி. பட்டியல் இன்னும் போகிறது. பெரும்பாலும் எல்லாம் பழைய கதை. இப்போது அவர்களிடம் வித்தியாசம் காட்ட அதிகம் இல்லை. வந்த வழிதான் வேறு வேறு. அந்தப் பக்கத்து ஓரத்தில் தாத்தா பென்சிலால் ஒரு சின்னக் கோடு போட்டிருந்தார். என் கேள்விக்காகப் போட்டதா, அதற்கு முன்பே போட்டதா, தெரியாது.

அன்றைக்கே ஆட்டத்தைத் திறந்து பழைய கட்டத்துக்குப் போனேன். அந்த நான்கு மரத்தையும் அழித்துவிட்டு, ஜீரோ கிளியரன்ஸைப் போட்டு, ஒன்று நட்டேன். மறுநாள் ஆபீஸிலிருந்து வந்து அதே மூலையில் இன்னொன்று. நடுநடுவே பூங்கா ஓடிக்கொண்டிருந்தது, ஆட்கள் வந்தார்கள், பஞ்சுமிட்டாய் வாங்கினார்கள், ஒருவன் கழிப்பறை எங்கே என்று தெரியாமல் சுற்றினான். ஆறு ராத்திரி, ஆறு மரம். திரையில் ஒன்றுதான். எந்தக் கோணத்தில் திருப்பினாலும் ஒன்றுதான்.

கட்ட ஆய்வைத் திறந்தேன். ஆறு வரி. அதே பெயர், அதே அடி உயரம், அதே முடி உயரம். ஒரு வரியைத் தொட்டால் கீழே அந்தப் பொருளின் விவரம் விரியும். அதில் வயது என்று ஒரு எண் இருப்பதை நான் அதுவரை கவனித்ததே இல்லை. பூச்செடி எப்போது வாடும் என்று பார்க்க ஆட்டம் வைத்திருக்கும் கணக்கு. முதல் வரியைத் தொட்டேன், ஓர் எண். இரண்டாவது வரி, அதைவிடக் குறைந்த எண். மூன்றாவது. பக்கத்து அறையில் அம்மா யாரிடமோ போனில், "ஆபீஸ் வேலை பாத்துட்டு இருக்கா, அப்புறம் பேசச் சொல்றேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். நான்காவது வரியைத் தொட்டேன்.